மைலோ டின்னை எறிந்தது நான்தான்

அக்கா,

2024 தந்தையர் தினத்துக்கும் இன்றைக்கும் இடையில் நாம் பேசிக்கொண்டது ஒரே ஒரு தடவை. சித்தப்பா கருமாதியில் "சாப்டியா?" என்று கேட்டாய். "ஆச்சு" என்றேன். அவ்வளவுதான். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்து விலகிவிட்டாய், கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. ஆனால் ஃபேஸ்புக்கில் மட்டும், "எங்கள் வீட்டிலேயே ஒருவர் கடலுக்கு விலை பேசுகிறவர்கள் பக்கம் நிற்கிறார்" என்று எழுத உனக்கு நேரம் இருந்தது. பெயர் போடவில்லை. போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. என் சம்பந்தி வீடு வரைக்கும் எல்லாரும் அந்த இடத்தில் என் பெயரைத் தாங்களே நிரப்பிக்கொண்டார்கள். அதனால் நானும் நாலு பேர் பார்க்கிற இடத்திலேயே எழுதுகிறேன்.

முதலில் செய்தி. வேறு யார் வாயிலிருந்தும் இது உனக்கு வரக் கூடாது. அடுத்த மாதம் பேர்ஜ் என்கிற மிதவையில் ஏறுகிறேன். கிழக்குப் பக்கம், கடலடி மண் சோதனை. யாருக்காக, எந்த இடத்தில், எத்தனை துளை என்பதெல்லாம் எழுத முடியாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கடற்கரைக்காகக் குரல் கொடுக்கிற உன் குழுவினரும் கேட்க வேண்டாம். வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று மூன்று வாரம் யோசித்தேன். போன செவ்வாய்க்கிழமை சரி என்று சொல்லிவிட்டேன்.

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் கரைக்கு எதிரே கடலை மூடி எழுப்பத் திட்டமிட்டிருக்கிற தீவு, நடுவில் நீர்த்தேக்கம்; லாங் ஐலண்ட் என்றால் என்ன ஏது என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2023 நவம்பரில் அறிவித்த அன்று ராத்திரியே வரைபடத்தை அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டியவள் நீ. 800 ஹெக்டேர், இரண்டு மரினா பே, என்று சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதியிருந்தாய். நான் சொல்ல வந்தது வேறு.

1979. உனக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. பிக் ஸ்பிளாஷ் நீர்ச்சறுக்குப் பூங்காவுக்குக் கூட்டிப்போகச் சொல்லி நாம் இரண்டு பேரும் அழுதோம். அதற்குக் காசில்லை என்று சொல்ல அப்பாவுக்கு மனம் வரவில்லை. "அதைவிடப் பெரிய வித்தை காட்டுறேன் வாங்க" என்று சாய் சீயிலிருந்து ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்கு நடத்தியே கூட்டிப்போனார். அம்மா புளிச்சோறும் உருளைக்கிழங்குப் பிரட்டலும் தூக்கில் கட்டியிருந்தார். சவுக்கு மரத்தடியில் பாயை விரித்தோம். நிழல் அவ்வளவாக இல்லை. அந்த மரங்களுக்கே அப்போது நம் வயதுகூட இருக்காது.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா பரிமாறுகிற கரண்டியை எடுத்தார். அம்மா "அய்யய்ய" என்பதற்குள் பாய் ஓரத்தில் தோண்ட ஆரம்பித்துவிட்டார். மேலே வெள்ளை மணல். கொஞ்சம் போனதும் சாம்பல் நிறம், ஈரம், கரண்டி உள்ளே போகும்போது கறகறவென்று ஒரு சத்தம். அவர் கை முழங்கைவரை உள்ளே போனபோது நிறம் மாறியது. கரண்டிக் குழியில் செம்மண். அங்கங்கே மஞ்சள் திட்டு. இரண்டு விரலால் நசுக்கி உன் மூக்குக்குக் கிட்டே நீட்டினார்.

"இது யாரு தெரியுதா? பிடோக் மலை."

ராட்சசச் சக்கரம் ஒன்று மலையைச் சுரண்டிச் சுரண்டித் தின்னும், தின்ற மண் பெல்ட்டில் ஏறி மைல் கணக்கில் ஓடிக் கடலில் விழும், அந்தப் பெல்ட்டின் ரோலர்களுக்கு கிரீஸ் போட்டது அப்பா என்று சொன்னார். நான் வாயைப் பிளந்துகொண்டிருந்தேன். நீ வாயைப் பிளக்கவில்லை. பள்ளிக்கூடத்து மானிட்டர் குரலில் கேட்டாய்:

"யாரைக் கேட்டுப்பா கடல மூடுனீங்க?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "என்னைக் கேட்டா மூடுனாங்க?"

மிளகாய்த்தூள் கொண்டுவந்த மைலோ டின்னைக் கொட்டித் துடைத்து, அந்த மண்ணில் இரண்டு கரண்டி போட்டு, "இந்தா, உன் பங்கு" என்று உன்னிடம் கொடுத்தார். மூடியை அதுவரை பிடித்துக்கொண்டிருந்தவன் நான். என் பங்கு எங்கே என்று நான் கேட்கவில்லை.

அந்த டின்னை ரொம்ப நாளாகத் தேடினாய். 2014இல் அம்மா வீட்டைக் காலி பண்ணும்போது காணாமல் போயிருக்கும் என்று நானும் சேர்ந்து சொன்னேன். அக்கா, அது சிங்குக்கு அடியில் இருந்தது. துருப்பிடித்து மூடி ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்குரூடிரைவரால் நெம்பித் திறந்து பார்த்தேன். மண் காய்ந்து கட்டியாகியிருந்தது, இருந்தாலும் நிறம் போகவில்லை. என்னவென்று தெரிந்துதான் குப்பைக் குழாயில் போட்டேன். ஒன்பது மாடியும் அது இடித்துக்கொண்டே போன சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு வீட்டுச் சாவியை ஐந்து மணிக்குள் ஒப்படைக்க வேண்டும், மூன்றாவது நாளாகத் தனியாளாகச் சுமந்துகொண்டிருந்தேன், நீ பெர்த்தில் மகள் பட்டமளிப்பில் இருந்தாய், இதெல்லாம் உண்மை. இதில் எதுவும் காரணமில்லை. மன்னித்துவிடு. மன்னிக்க முடியாவிட்டாலும் சரி, தேடுவதை நிறுத்திவிடு.

2024 ஜூன் 16, தந்தையர் தினம். அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை பாசிர் பாஞ்சாங்கில் மண் தோண்டும் கப்பல் ஒன்று கட்டுப்பாடு இழந்து, நின்றிருந்த எண்ணெய்க் கப்பலில் மோதியது. ஏறக்குறைய 400 டன் எண்ணெய் கடலில் கொட்டியது. மறுநாளே அது ஈஸ்ட் கோஸ்ட் மணலில் கறுப்பாக ஒதுங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ அங்கே இருப்பாய் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வந்தேன், வேடிக்கை பார்க்க அல்ல. வெள்ளை உடுப்பில் நம்மூர்ப் பையன்கள் மண்வெட்டியோடு குனிந்திருந்தார்கள். ஒருவன் அறந்தாங்கிக்காரன். "ஆழமா வெட்டக் கூடாதுண்ணே, மேல்தோலை மட்டும் உரிக்கணும்" என்றான். தோசை அடியில் கரண்டியை விடுகிற மாதிரி அவ்வளவு பதமாக வெட்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தான். அந்த நாற்றத்தில், அந்த வெயிலில். அவனோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து உன் குரல்: "உன் ஆளுங்க கப்பல்தானேடா?"

பக்கத்தில் உன் தோழிகள். ஒருவர் கையில் கைப்பேசி.

நான் கப்பலில் வேலை செய்பவன் இல்லை. அந்தக் கப்பலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அதைச் சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது என்னவென்றால், "நீ நின்னு கத்துற மண்ணே அப்பா கொட்டுனதுதான்." தந்தையர் தினத்தில், அப்பா இல்லாத உலகத்தில், பத்துப் பேர் முன்னால். உன் முகம் போன போக்கைப் பார்த்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஆனால் பொய் இல்லையே அக்கா. 1966இல் ஆரம்பித்து இருபது வருஷத்துக்குக் கிட்ட மூடிக்கொண்டே போனார்கள், 1,500 ஹெக்டேருக்கு மேல். காத்தோங் பூங்காவில் கடலுக்குள் பாகார், அதாவது கம்பு வேலி, கட்டிக் குளித்தார்கள் என்று அப்பா சொல்வார். இன்றைக்கு அங்கே நின்று பார்த்தால் கடல் எந்தத் திசை என்று வழி கேட்க வேண்டும். சிக்லாப்பில் கம்பத்து (கிராமத்து) வீட்டு வாசலில் படகு கட்டியிருந்தவர்களை யார் கூட்டம் போட்டுக் கேட்டார்கள்? "நம்முடைய இயற்கைக் கடற்கரை" என்று நீ பதாகை எழுதும்போது எனக்குக் கோபம் வருவது அதனால்தான். அது இயற்கை இல்லை. அப்பாவின் கிரீஸ்.

இன்னொன்றும் உனக்குத் தெரியும், தெரிந்தும் கூட்டங்களில் சொல்வதில்லை. 2100க்குள் கடல் 1.15 மீட்டர் வரை ஏறலாம் என்று அரசாங்கத்தில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒன்றும் செய்யாமல் விட்டால் கரையோர மரீன் பரேட் வட்டாரம் தாங்காது. தீவு வேண்டாமென்றால் கரை நெடுக மூன்று மீட்டர் மதில் கட்டி, அங்கங்கே மடையும் பம்பும் வைக்க வேண்டும், அது சரிப்படாது என்று அவர்களே சொன்னார்கள். மூன்று மீட்டர் என்றால் உன் உயரம் போல இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்போமா?

நீ என்ன சொல்வாய் என்று தெரியும். "அப்பா கொட்டின மண்ணுல மரீன் பரேட் புளோக்குகள் வந்துச்சு, நம்மள மாதிரி ஆளுங்க குடிவந்தாங்க. இப்ப கொட்டப்போற மண்ணுல யாரு வருவா? கடலைப் பார்த்த பால்கனிக்கு யாரு காசு கொடுப்பா?" இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வீடும் வரும், 20 கிலோமீட்டர் புதுக் கரைப் பூங்காவும் வரும் என்கிறார்கள். எந்த வீடு, யாருக்கு, பூங்காவில் எவ்வளவு கடைகள் என்பதெல்லாம் இன்னும் தாளில்கூட இல்லை. ஆய்வுக்கே ஐந்து வருஷம், கட்டி முடிக்கப் பல பத்தாண்டு. இரண்டு பேருக்கும் வயதாகிவிடும். வியாபாரம் எப்போதும் ஜெயிக்கும் என்று நீ நினைக்கிறாய். நாம் அழுத பிக் ஸ்பிளாஷையே பார். 1977இல் திறந்தது. கடைசியில் இடித்துத் தள்ளிவிட்டு, அதே இடத்தில் காசில்லாமல் பிள்ளைகள் ஏறிச் சறுக்குகிற விளையாட்டுத் திடல் வந்திருக்கிறது. உன் பேத்தி அங்கே சறுக்குகிற படத்தை நீதான் போட்டாய். எல்லாம் ஒரே திசையில் போவதில்லை.

இதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே யாரோ அதிகாரியின் குரல் மாதிரிக் கேட்கிறது. விடு.

என் வேலை என்னவென்று ஒரு நாளும் நீ கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பேர்ஜில் நின்று கடலடியில் கம்பியை இறக்குவோம். 63.5 கிலோ சுத்தியல், 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும். கம்பி 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். முப்பது வருஷமாக எண்ணுகிறேன். கடல் களியில் சில இடங்களில் எண்ணவே வேலை இருக்காது, கம்பி தன் பாரத்திலேயே போய்விடும். மாதிரியைக் குழாயிலிருந்து தள்ளினால் தொதல் இனிப்பு மாதிரி வழுவழுவென்று வரும், நீலம் கலந்த சாம்பல், நடுவில் ஒரு சிப்பித் துண்டு. அதையும் தாண்டிப் போனால் ஐம்பது தடவை அடித்தாலும் அசையாத மண். முதல் தடவை அது மேலே வந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. குழாயைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. சிவப்பு, அங்கங்கே மஞ்சள் திட்டு. இன்ஜினியரிடம் கேட்டேன். கிழக்குப் பக்கம் பெரும்பாலும் அடியில் இதுதான், பிடோக் மேடுகளும் இதே மண்தான் என்றார். அதாவது அப்பா கொட்டுவதற்கு முன்னாலேயே அந்த மலை கடலுக்கு அடியிலும் இருந்திருக்கிறது.

அன்றைக்குச் சாயந்திரம் உனக்கு போன் பண்ணினேன். கூட்டத்தில் இருக்கிறேன் என்றாய். அப்புறம் அது ஆறிப்போனது. ஒரு டின்னில் போட்டுக் கொண்டுவந்து தரலாம் என்றும் நினைத்தேன். சோதனை மண் வாடிக்கையாளர் சொத்து, ஒரு பிடி எடுத்துப்போகக் கூடாது. நான் விதிமுறையை மீறாதவன் என்பது உனக்கு எப்போதுமே கேலிதான்.

ஒன்று செய்தேன். உன் குழு எழுதிக் கொடுத்த கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. நானாகவே தனியாக ஒன்று எழுதி அனுப்பியிருக்கிறேன், என் பெயரில், தமிழில், ஒன்றரைப் பக்கம். தீவு வந்தாலும் ஒரு நீளக் கரையையாவது ஏற்றவற்றம் உள்ள கடலாக விட்டுவைக்கக் கேட்டிருக்கிறேன். முழுக்க நீர்த்தேக்கமாகிவிட்டால் அழுங்காமை முட்டையிட எந்த மணலுக்கு வரும் என்று கேட்டிருக்கிறேன். புதுக் கரையில் முதல் வரிசை எந்தத் தனியார் கோண்டோ அடுக்குமாடிக்கும் எந்த உணவகத்துக்கும் போகக் கூடாது, பாய் விரிக்கிற இடமாக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கடைசி வரி உன்னுடையது. திருடிக்கொண்டேன். துளை போடுகிறவனே இப்படி எழுதலாமா என்று ஆபீஸில் யாராவது கேட்டால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீ கேட்டால் அதைவிடத் தெரியாது.

அம்மா வீட்டிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சாமான், அந்தக் கரண்டி. குழியின் ஓரம் தேய்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், உனக்கு அடையாளம் தெரியும். வருகிற சனிக்கிழமை காலையில், வெயில் ஏறுவதற்கு முன்னால், நாம் உட்கார்ந்த பக்கமாகப் போகப்போகிறேன். மரம் அதுதானா என்று சத்தியம் பண்ண முடியாது, சவுக்கு எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது. பேத்தியைக் கூட்டி வா. குழுவைக் கூட்டி வராதே. கரண்டி நான் கொண்டுவருகிறேன், ஆனால் திருப்பித் தந்துவிட வேண்டும்.

தம்பி