செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25: தண்டோராவும் பழைய விளம்பர முறைகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி, நம் வரலாற்றுக் கழகத்தின் இவ்வாண்டுக் கூட்டங்கள் யாவும் ஊர் அறிவிப்பு, பழைய விளம்பரம் ஆகியவற்றைப் பற்றியே நடைபெற்றன. அவற்றில் பேசப்பட்டவற்றையும், அதையொட்டிச் செயற்குழு எடுத்த ஒரு முடிவையும் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

தொடக்கக் கூட்டங்கள் மணிமேகலையின் விழாவறை காதையைப் படிப்பதில் சென்றன. காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா வரவிருப்பதை, வச்சிரக் கோட்டத்து முரசை யானையின் பிடரியில் ஏற்றி, முதுகுடிப் பிறந்த ஒருவன் நகருக்கு அறிவிக்கிறான். ஊரையும் மன்னனையும் வாழ்த்திய பிறகு அவன் சொல்வதில் பெரும்பகுதி வேலைப் பட்டியல்தான்: பூரண கும்பம் வையுங்கள், வீதியிலும் மன்றத்திலும் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புங்கள், சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறுங்கள், பகைவரே எதிர்ப்பட்டாலும் விழா நடக்கும் 28 நாளும் பூசலிடாமல் விலகிச் செல்லுங்கள். திருவிழாக் காலத்தில் நகராட்சி ஒட்டும் அறிவிப்பை நினைவூட்டுவதாக உறுப்பினர் ஒருவர் சொன்னது பொருத்தமாகவே இருந்தது.

வணிகரின் விளம்பரம் வேறு வழியில் நடந்திருக்கிறது. பட்டினப்பாலை அதே துறைமுக நகரின் கொடிகளை வரிசையாகக் காட்டுகிறது. வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்கள் எடுத்த கொடி, நங்கூரமிட்ட கலங்களின் கொடி, கள் விற்கும் மனைவாயிலில் பறந்த கொடி எனப் பலவும் அதில் வருகின்றன. சிலப்பதிகாரமோ பண்டசாலை வாயிலில் உரியவரின் பெயரும் அளவும் எழுதிக் கிடந்த பொதிகளைக் கூறுகிறது. நாம் படித்த பகுதிகளை வைத்துப் பார்த்தால், முரசொலி அரசுக்கு உரியதாகவும், கண்ணில் படும் அடையாளம் வாணிகத்துக்கு உரியதாகவும் இருந்ததாகத் தோன்றுகிறது. இது என் கருத்தே. மாறுபடுவோர் இக்கூட்டத்திலேயே பேசலாம்.

உறுப்பினர்களின் ஆர்வம் மிகுந்தது, நீதிமன்ற உத்தரவை அறிவிக்க அடிக்கப்படும் பறையான தமுக்கைப் பற்றிய கூட்டத்தில்தான். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தில் 21-ஆவது கட்டளையின் 54-ஆவது விதி, அசையாச் சொத்தை ஜப்தி செய்யும் உத்தரவை அச்சொத்தின் மீதோ அதை ஒட்டிய இடத்திலோ பறையடித்தோ வேறு வழக்கமான முறையிலோ அறிவிக்க வேண்டும் என்கிறது. உத்தரவின் நகலைச் சொத்தில் எல்லோர் கண்ணிலும் படும் இடத்திலும், நீதிமன்றக் கட்டடத்திலும் ஒட்ட வேண்டும். ஏல அறிவிப்புக்கும் இதே முறைதான். நீதிமன்றத்தில், உத்தரவுகளை நேரில் சென்று நிறைவேற்றும் ஊழியரான அமீனாவாகப் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் உறுப்பினர் இதனை விளக்கினார். வேலியோரம் நின்று தமுக்கடித்து, உத்தரவை உரக்கப் படித்து, கதவில் நகலை ஒட்டி, அக்கம்பக்கத்தார் இருவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி, அடித்தவரின் கைநாட்டையும் பெற்ற பிறகே அறிக்கை எழுத முடியுமாம். கடன்பட்டவரின் மானம் ஊரறியப் போகும் அந்த வேளையில், வசவு விழுந்தது உத்தரவிட்டவர் மீதன்று, தமுக்கைத் தோளில் மாட்டியிருந்தவர் மீதுதான் என்று அவர் கூறினார்.

கிராமங்களில் அந்தத் தோள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினருடையதாகவே இருந்தது. வரி கட்டும் கெடு, புறம்போக்கு ஏலம், அம்மைத் தடுப்பூசி, ஆற்றில் தண்ணீர் திறப்பு என எதுவாயினும் வெட்டியானோ தலையாரியோதான் தெருத்தெருவாகச் சொல்ல வேண்டும். முடியாது என்று மறுக்கும் நிலையில் அவர்கள் இல்லை. ‘சகலமானவர்களுக்கும்’ என்று தொடங்கி அறிவித்தவரே சில தெருக்களில் செருப்பில்லாமல் நடக்க வேண்டியிருந்ததை மூத்த உறுப்பினர்கள் எடுத்துரைத்தனர்.

அச்சும் திரையும் வந்த பின்னரும் பறையொலி உடனே ஓய்ந்துவிடவில்லை. சென்னையில் 1785-இலேயே மெட்ராஸ் கூரியர் இதழ் தொடங்கிவிட்டது. ஆனால் எழுத்தறியாதாருக்குச் செய்தித்தாளால் என்ன பயன்? திருச்சிராப்பள்ளி ரயில்வேயில் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-இல் படக்கருவி வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டப் புறப்பட்டார். அவர் தொடங்கி வைத்த கூடாரக் கொட்டகைக் காலத்தில், மாட்டு வண்டியின் இருபுறமும் தட்டி கட்டி, மேளம் கொட்டி, பிட் நோட்டீஸ் வீசிச் செல்வதே சினிமா விளம்பரமாக இருந்தது. வண்டியின் பின்னால் ஓடி நோட்டீஸ் பொறுக்கியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள்.

2022 ஆகஸ்ட்டில் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதி, தண்டோரா முறை இனித் தேவையில்லை என்றும், வாகனங்களில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவிக்கலாம் என்றும் தெரிவித்தார். இந்நிலையில், நம் ஆண்டு விழா அழைப்பைப் பழைய பாணியில் ஆள் வைத்துத் தண்டோரா போட்டு அறிவிக்கலாம் என்றொரு யோசனை செயற்குழுவுக்கு வந்தது. நல்லெண்ணத்தில் வந்த யோசனைதான். எனினும், ஒருவர் மீது சுமத்தப்பட்டிருந்த ஊழியத்தை நாம் வேடிக்கையாக நடித்துக் காட்டுவது முறையாகாது என்று செயற்குழு கருதி, அதனை ஏற்காமல் விட்டது. அதற்கு மாறாக, தமுக்கடித்த முதியவர்கள் அவரவர் விரும்பினால் தம் அனுபவத்தைச் சொல்ல, அதைப் பதிவு செய்து அவர்களிடமே ஒரு படியைக் கொடுப்பது என முடிவாயிற்று. இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே தாக்கல் செய்வார். பழைய நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், ஏல அறிவிப்பு ஆகியவற்றை வீட்டில் வைத்திருப்போர், நகலெடுத்துத் திருப்பித் தரும் பொருட்டு, வரும் மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்