எரிமலை காட்டும் ஆசிரியர்களுக்கு

ரீயூனியன் தீவின் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பா தெ பெல்கோம்ப் காட்சிமுனையில் பிள்ளைகளை நிறுத்தி எரிமலையைக் காட்டும்போது, "பூமிக்குள்ளே குழம்புக் கடல் கொதிக்கிறது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மேலோட்டுக்குக் கீழே இருக்கும் கவசம் திடப்பாறை. அது ஆண்டுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் மெல்ல மேலேறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைகிறது. சூடு கூடாமலேயே ஒரு சிறு பங்கு உருகிவிடுகிறது. ஏறத்தாழ 1,150 டிகிரியில் நம் மலையில் வழிவது அந்தப் பங்குதான்.

பூமி ஏன் இன்னும் ஆறவில்லை என்று கேட்பார்கள். இரண்டு உருளைக்கிழங்கு போதும்: ஒன்று 4 செ.மீ. குறுக்களவு, மற்றது 8 செ.மீ. பெரியதை முதலில் கொதிநீரில் போடுங்கள். அரைமணி கழித்துச் சின்னது. குத்தும் தெர்மாமீட்டர் இரண்டின் நடுவிலும் 90 டிகிரியைத் தாண்டியதும் எடுத்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் கலக்கிக்கொண்டே இருங்கள். நடுச்சூடு 40க்கு இறங்கச் சின்னதற்குச் சுமார் 10 நிமிடம், பெரியதற்குச் சுமார் 40. அளவு இரட்டித்தால் நேரம் நான்கு மடங்கு. பூமி மிகப் பெரியது, அதனால் மிக மெதுவாகத்தான் ஆறும். பலரும் தட்டில் வைத்து ஆறவிடுகிறார்கள். அங்கேதான் கணக்கு கெடுகிறது. காற்று சூட்டை மெதுவாகத்தான் வாங்கும், அதனால் நான்கு மடங்கு வராது. தெர்மாமீட்டர் முனை நடுவை விட்டு விலகினாலும் பெரிய கிழங்கு சீக்கிரம் ஆறியதுபோலக் காட்டும்.

ஆனால் கிழங்கு பாதிக் கதைதான். பாறையின் வழியே சூடு கடத்தப்படுவதை மட்டும் வைத்து இயற்பியலாளர் கெல்வின் 1862இல் பூமிக்கு 2 கோடி முதல் 40 கோடி வயது சொன்னார். உண்மையில் சுமார் 454 கோடி. உள்ளே பாறை புரண்டு புரண்டு சூட்டை மேலே கொண்டுவரலாம் என்று 1895இல் பொறியாளர் ஜான் பெரி சுட்டிக்காட்டினார். கதிரியக்கம் அன்று யாருக்கும் தெரியாது. பூமி வெளிவிடும் 47 டெராவாட் (47 லட்சம் கோடி வாட்) வெப்பத்தில் ஏறத்தாழ பாதி யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 சிதைந்து பிறப்பது. அந்தப் பொட்டாசியம் கையிலிருக்கும் கிழங்கிலும் இம்மியளவு உண்டு. இதைச் சொல்லாமல் விடாதீர்கள்.

கெட்டிக்காரப் பிள்ளை வியாழனின் துணைக்கோளான அயோவைப் பற்றிக் கேட்கும். நிலவைவிடச் சற்றே பெரியது, என்றோ ஆறியிருக்க வேண்டும். வியாழனின் ஈர்ப்பு அதை ஓயாமல் பிசைவதால் சூடேறுகிறது; 1979இல் வாயேஜர் 1 விண்கலம் அங்கே எரிமலைகளைப் படமெடுத்தது.

சோதனையைப் பயணத்துக்கு முந்தின வாரமே வகுப்பில் செய்துவிடுங்கள். மலைமேல் காற்றிலும் குளிரிலும் வாளி வைத்துக்கொண்டு நிற்க முடியாது.