பெயின்ட்டோடு உரிந்த பூனை: லேப்டாப் ஸ்டிக்கர் நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
ஸ்டிக்கர் கடைக்காரர் ஒருவர்,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை – 600 021.

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள்,
லேப்டாப் ஸ்டிக்கர் விற்கும் தங்கள் நிறுவனம்.

பொருள்: கறையில்லாமல் உரியும் என்று சொல்லி விற்ற ஸ்டிக்கர், லேப்டாப் மூடியின் பெயின்ட்டையும் சேர்த்து உரித்தது தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் ஸ்டிக்கர் தொழிலில் இருப்பவன்தான். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய சந்து ஒன்றில் பத்துக்கு எட்டு கடை. இருபத்திரண்டு வருடமாக வண்டிகளுக்கு ஸ்டிக்கர் வெட்டி ஒட்டுகிறேன். ஆட்டோ கண்ணாடியில் அம்மன் பெயர், பைக் டேங்கில் பிள்ளைகள் பெயர், காசிமேட்டிலிருந்து மீன் ஏற்றி வரும் குட்டியானைக்குப் பின்னால் ரேடியம் பட்டை. 2019 ஏப்ரலுக்கு அப்புறம் புது வண்டிகளுக்கு அரசாங்க நம்பர் பிளேட்டே வந்துவிடுவதால் அந்த வேலை பாதியாகிவிட்டது. 2024 மே மாதம் முதல் சொந்த வண்டியில் 'பிரஸ்', 'போலீஸ்' என்று ஒட்டினால் அபராதம் என்று போக்குவரத்துக் காவல்துறை அறிவித்ததில் அதுவும் போனது. ஆனாலும் கை இன்னும் தொழிலில்தான் இருக்கிறது. அதனால்தான், "உரிக்கத் தெரியாமல் உரித்திருப்பீர்கள் சார்" என்று உங்கள் வாடிக்கையாளர் சேவையிலிருந்து பதில் வந்தபோது எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் முதலில் வந்தது.

நடந்தது இதுதான். சென்ற டிசம்பரில் என் மகள் உங்களிடம் 12 ஸ்டிக்கர்கள் கொண்ட செட் ஒன்றை 349 ரூபாய்க்கு வாங்கினாள். கல்லூரியில் முதலாமாண்டு. லேப்டாப் அவள் அம்மா சீட்டு எடுத்த பணத்தில் வாங்கியது. வீட்டில் டிவிக்கு அடுத்து விலை கூடிய பொருள் அதுதான். ஸ்டிக்கர் கடைக்காரன் மகள் ஆன்லைனில் ஸ்டிக்கர் வாங்குகிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தியது உண்மை. கேட்டேன். "உன் கடையில சாமி படமும் ரேடியமும்தானேப்பா இருக்கு, எனக்குப் பூனை வேணும்" என்றாள். சரி, நியாயம்தான்.

பூனை, டீ கிளாஸ், கேரம் ஸ்ட்ரைக்கர், கலங்கரை விளக்கம் என்று படங்கள் நன்றாகவே இருந்தன. வரைந்தவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவரிடம் இதைச் சொல்லுங்கள். என் சண்டை பசையோடும், பாக்கெட்டில் அச்சடித்த வார்த்தைகளோடும்தான்.

பாக்கெட்டில் மூன்று வாக்கியங்கள் பெரிய எழுத்தில் இருக்கின்றன. முழுக்க வினைல் (காகிதம் இல்லை, பிளாஸ்டிக் தாள்). எந்த மேற்பரப்பிலும் ஒட்டலாம். எத்தனை மாதமானாலும் துளிக் கறையின்றி உரியும். என்னிடம் கேட்டிருந்தால் மூன்றாவதை நான் நம்பியிருக்க மாட்டேன். ஆனால் பதினெட்டு வயதுப் பெண் நம்பினாள், நம்பத்தானே அச்சடித்தீர்கள்?

மே மாதம் கத்திரி வெயிலில் பார்த்தேன். ஸ்டிக்கர்களின் ஓரம் சுற்றிலும் ஒரு கறுப்புக் கோடு. மலிவு வினைல் சூட்டில் சுருங்கும். படம் அரை மில்லிமீட்டர் உள்ளே போகும், பசை அங்கேயே நிற்கும், அதில் தூசு வந்து உட்காரும். வண்டியில் இதை நூறு முறை பார்த்திருக்கிறேன். எங்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மத்தியானம் உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒன்றுதான். கடல் பக்கத்துப் பிசுபிசுப்பு வேறு. இந்த ஊரில் விற்கிற பொருள் இந்த ஊர் வெயிலைத் தாங்க வேண்டாமா?

அழுக்காகத் தெரிகிறதே என்று மகள் டீ கிளாஸ் படத்தை நகத்தால் உரித்தாள். மேல் தோல் மட்டும் கையோடு வந்தது. வெள்ளையாகப் பஞ்சு மாதிரி ஒரு படிவம் லேப்டாப்பிலேயே நின்றுவிட்டது. அதோடு நிறுத்திவிட்டு என்னிடம் கொண்டு வந்தாள். பார்த்த உடனே தெரிந்தது, அது வினைல் இல்லை. காகிதத்தின் மேல் லேமினேஷன். வினைலை இழுத்தால் ரப்பர் மாதிரி நீளும், காகிதம் நார் நாராகக் கிழியும். பன்னிரண்டில் ஐந்து இப்படிக் காகிதம். முழுக்க வினைல் என்ற வார்த்தை அங்கேயே முடிந்தது.

மீதியை நான் எப்படி உரித்தேன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் உங்கள் பதில் முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. லேப்டாப்பை முழுதாக அணைத்து, சார்ஜரைக் கழற்றினேன். கடையில் ஹீட் கன் இருக்கிறது, ஆனால் அதைத் தொடவில்லை. மூடிக்குப் பின்னால் திரை இருக்கிறது, அந்தச் சூடு அதற்கு ஆகாது. மகளுடைய ஹேர் டிரையரை மெல்லிய சூட்டில் வைத்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல், ஒரு சாண் தள்ளி ஆட்டிக்கொண்டே காட்டினேன். பசை இளகிய பிறகு ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, நேராக மேலே இழுக்காமல், ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்துப் படுக்கவைத்து, நத்தை வேகத்தில் இழுத்தேன். கத்தி இல்லை, பிளேடு இல்லை, ஸ்குரூடிரைவர் இல்லை. ஒரு ஸ்டிக்கருக்கு ஐந்து நிமிடமாவது எடுத்திருப்பேன். அவசரக்காரர்களுக்கு வண்டியில்கூட நான் இவ்வளவு பொறுமையாக உரித்ததில்லை.

அப்படி உரித்தும் பூனையும் கலங்கரை விளக்கமும் மூடியின் கோட்டிங்கோடு வந்தன. பத்து ரூபாய் நாணயம் அளவுக்கு இரண்டு இடம், அடியில் இருக்கும் சாம்பல் பிளாஸ்டிக் தெரிகிறது. மற்ற இடங்களில் பசை இரண்டாகப் பிளந்து, பாதி ஸ்டிக்கரிலும் பாதி மூடியிலுமாக நின்றது. தேங்காய் எண்ணெய் தடவிக் கால் மணி நேரம் ஊறவைத்து, மென்மையான துணியால் துடைத்ததில் பெரும்பகுதி போனது. போகாததற்கு ஸ்பிரிட் போடலாம் என்று முதலில் அடிப்பக்கம் கண்ணில் படாத ஒரு மூலையில் தொட்டுப் பார்த்தேன். கோட்டிங் மங்கியது, நிறுத்திவிட்டேன். தின்னரோ, நெயில் பாலிஷ் ரிமூவரோ பக்கத்திலேயே கொண்டுவரவில்லை. அதிலிருக்கும் அசிட்டோன் இந்த மாதிரி பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். கூகுளில் தேடினால் அதைத்தான் பாதிப் பேர் சொல்கிறார்கள், அது வேறு கதை.

இந்த மூடி தொட்டால் ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் ரகம். பிளாஸ்டிக் மேல் ஒரு மெல்லிய பூச்சு, அவ்வளவுதான். அலுமினிய உடம்பு என்றால் எண்ணெயும் ஸ்பிரிட்டும் போட்டுத் துடைத்தால் பெரும்பாலும் பழைய மாதிரி ஆகிவிடும். பூச்சு போட்ட மூடி அப்படி இல்லை. பூச்சு பிளாஸ்டிக்கைப் பிடித்திருப்பதைவிட உங்கள் பசை பூச்சைப் பிடித்திருப்பது பலமாக இருந்தால், பூச்சுதான் வரும். இது ஸ்டிக்கர் தொழிலில் அரிச்சுவடி. எங்களுக்கு வரும் ரோலிலேயே நிரந்தரப் பசை, உரிக்கிற பசை என்று இரண்டு தனித்தனி ரகம் உண்டு, விலையும் வேறு. உரிக்கிற ரகத்திலேயே எத்தனை காலத்துக்குள் உரித்தால் சுத்தமாக வரும் என்று கணக்கு இருக்கிறது. நாள் ஆக ஆக, சூடு ஏற ஏற, எந்தப் பசையும் கெட்டியாகப் பிடிக்கும். நீங்கள் ஒட்டியிருப்பது நிரந்தர ரகம். வண்டிக்கு நானே அதைத்தான் போடுகிறேன், மழைக்கு நிற்க வேண்டும் என்பதற்காக. லேப்டாப்புக்கு எதற்கு?

அடுத்து, பாக்கெட்டுக்குள் இருந்த படம் போட்ட அட்டை. இதைப் பற்றி மகள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் கவனித்திருக்க மாட்டேன். ஒரு படத்தில் லேப்டாப்பின் அடிப்பக்கம் முழுக்க ஸ்டிக்கர். காற்று போகும் துவாரங்களின் மேலேயே ஒட்டிக் காட்டியிருக்கிறீர்கள்! ஃபேன் உள்ள லேப்டாப் பெரும்பாலும் அடியிலிருந்துதான் காற்றை இழுக்கிறது. அதை அடைத்தால் சூடு ஏறும், இயந்திரம் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சீரியல் நம்பர் ஒட்டியிருக்கும் இடத்தையும் மூடியிருக்கிறீர்கள். சர்வீஸுக்குக் கொண்டுபோனால் முதலில் கேட்பது அதைத்தான். இன்னொரு படத்தில், கண்ணாடிக் குமிழ் மாதிரி உப்பலாக இருக்கும் ஸ்டிக்கரை விசைப்பலகைக்குக் கீழே கை வைக்கும் இடத்தில் ஒட்டச் சொல்கிறீர்கள். நான் அளந்தேன், இரண்டு மில்லிமீட்டர் கனம். மூடும்போது அது நேராகத் திரையில் போய் இடிக்கும். 2020-இல் ஆப்பிள் நிறுவனம், கேமரா மூடி போட்ட மேக்புக்கை மூடாதீர்கள், திரை உடையலாம் என்று எச்சரித்ததை மகள் எனக்குக் காட்டினாள். போட்டே ஆகவேண்டும் என்றால் சாதாரண பிரின்டர் காகித அளவு, 0.1 மில்லிமீட்டருக்கு மேல் கனம் கூடாது என்று அதில் இருக்கிறது. உங்கள் குமிழ் அதைப்போல இருபது மடங்கு. நல்லவேளை, அதை அவள் தண்ணீர் பாட்டிலில் ஒட்டிவிட்டாள்.

இதையெல்லாம் போட்டோவோடு எழுதி அனுப்பினேன். முதலில் பாக்கெட்டைப் பிரிக்கும்போது எடுத்த வீடியோ கேட்டீர்கள். ஐந்து மாதம் ஒட்டியிருந்த ஸ்டிக்கருக்குப் பிரிக்கிற வீடியோ எதற்கு? அப்புறம், ஒட்டிய பின் ஏற்படும் சேதத்துக்கு நிறுவனம் பொறுப்பல்ல என்றீர்கள். ஸ்டிக்கரை ஒட்டாமல் வேறு என்ன செய்வார்கள், ஊறுகாயா போடுவார்கள்? கடைசியாக, மனவருத்தத்துக்கு ஈடாக அடுத்த ஆர்டரில் 20 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். அதாவது, மூடியில் இன்னும் பெயின்ட் மிச்சமிருக்கிறதே, அதையும் எடுத்துவிடலாம் என்கிறீர்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. ஸ்டிக்கர் விலை 349 ரூபாய். மேல் மூடியை மட்டும் மாற்ற ரிச்சி தெருவில் பொருளும் கூலியும் சேர்த்து 2,800 ரூபாய் சொல்லியிருக்கிறார்கள். அந்த மதிப்பீட்டுச் சீட்டை இணைத்திருக்கிறேன். பணத்தைவிட முக்கியம், பாக்கெட்டை மாற்றுங்கள். எது காகிதம், எது வினைல் என்று எழுதுங்கள். பூச்சு போட்ட மூடிக்கு இது ஆகாது, முதலில் சின்ன மூலையில் ஒட்டிப் பாருங்கள் என்று இரண்டு வரி தமிழிலும் போடுங்கள். துவாரப் படத்தையும் குமிழ் படத்தையும் எடுத்துவிடுங்கள். பாக்கெட்டில் தயாரிப்பாளரின் பெயர், முகவரி இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் ஆண்டு முதல் இருக்கும் விதி. உங்கள் பாக்கெட்டில் லோகோவும் க்யூஆர் கோடும் மட்டும்தான். இந்தக் கடிதத்துக்கு முகவரியை நான் பில்லிலிருந்துதான் எடுத்தேன்.

2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அதுவரை காத்திருப்பேன். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதற்கு அடுத்து சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கும் இடம் இருக்கிறது, போதுமான எச்சரிக்கை தராமல் விற்பதற்கும் இடம் இருக்கிறது. நான் குடியிருக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணமும் கிடையாது. கடையைப் பூட்டிவிட்டு ஒரு நாள் போய்வர வேண்டும், அவ்வளவுதான் என் செலவு.

மகளின் லேப்டாப்புக்கு இப்போதைக்கு நானே ஒரு வழி செய்துவிட்டேன். உரிக்கிற பசை உள்ள மேட் ஃபிலிமை மூடி அளவுக்கு வெட்டி, ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர் விட்டு, ஒரே துண்டாக ஒட்டினேன். பிடிக்கிற படங்களையெல்லாம் அதன் மேல் ஒட்டிக்கொள்ளலாம். சலித்தால் ஃபிலிமோடு எல்லாம் ஒரே இழுப்பில் வந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். முதல் படமாக ஸ்டிக்கர் வெட்டும் என் பிளாட்டர் இயந்திரத்தில் ஒரு பூனையை வெட்டிக் கொடுத்தேன். வால் சரியில்லை என்றாள்.

உரித்த ஸ்டிக்கர்களையெல்லாம் ஸ்டிக்கருக்கு அடியில் வரும் வழவழப்பான ரிலீஸ் பேப்பரில் ஒட்டிப் பத்திரமாக வைத்திருக்கிறேன். பூனையின் முதுகுப் பக்கம் எங்கள் லேப்டாப்பின் நீலப் பெயின்ட் அப்படியே இருக்கிறது. கேட்டால் அனுப்புகிறேன், ஆனால் கூரியர் செலவு உங்களுடையது.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டை வாடிக்கையாளர்

இணைப்பு: பில் நகல், மூடியின் 6 புகைப்படங்கள், அட்டையின் நகல், பழுதுபார்ப்பு மதிப்பீடு, பயன்படுத்தாத கூப்பன்.