புகல்பாவில் இருக்கும் பாப்பாவுக்கு

தென்காசி
ஆனி 28

அன்புள்ள பாப்பாவுக்கு,

சாரல் ஆரம்பித்துவிட்டது. ஐந்தருவியில் கூட்டம் தாங்கவில்லை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தைலம் கேட்டு வரும் வெளியூர்க்காரர்கள்தான். உங்கம்மாவுக்கு மூட்டு வலி அப்படியே இருக்கிறது. ஆச்சி திவசம் போன வாரம் முடிந்தது. அத்தை வந்திருந்தாள், வழக்கம்போல ஒரு சண்டை போட்டுவிட்டுப் போனாள். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

நான் காலை எட்டரைக்குக் கடை திறக்கும்போது உனக்கு அங்கே பெருவில் இரவு பத்து மணி. விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு இருட்டில்தான் உட்காருவார்கள், அயவாஸ்காக் கஷாயம் குடித்துவிட்டு வைத்தியர் பாட ஆரம்பிப்பார் என்று நீ சொன்ன நேரம். அதனால் ஷட்டரைத் தூக்கும்போதே மனசு அங்கே போய்விடுகிறது. கடைசியாக நான் அனுப்பிய செய்தி இருபத்தாறு நாளாக ஒற்றை டிக்கோடு நிற்கிறது. "டியேட்டா இருக்கப் போறேன்ப்பா, ஒரு மாசம் போன் கிடையாது, பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் பயப்படவில்லை. உங்கம்மாதான் பயப்படுகிறாள்.

டியேட்டா என்றால் என்னவென்று கேட்டாள். நம்ம பத்தியம்தான் என்றேன். உப்பு கிடையாது, இனிப்பு கிடையாது, மிளகாய் கிடையாது, எண்ணெய் கிடையாது, வேகவைத்த வாழைக்காய்தான் சாப்பாடு என்றேன். "ஒரு மாசமா? நம்ம வீட்டுப் பிள்ளையா?" என்று நார்த்தங்காய் ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்புக்கென்று நீ ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அங்கே இருப்பவர்களிடம் சொல்லிவிடு. எதுவாக இருந்தாலும் சரி.

நீ போன பிறகு நானும் சும்மா இருக்கவில்லை. உன் கட்டுரைகளைப் பிரிண்ட் எடுத்து, கல்லாவுக்கு அடியில் வைத்து, கூட்டம் இல்லாத நேரத்தில் படித்தேன். அயவாஸ்காக் கொடியின் தாவரவியல் பெயர் பானிஸ்டெரியாப்சிஸ் காப்பி என்று நீ சொன்னதும் உங்கம்மா, "பில்டரா, இன்ஸ்டன்டா?" என்று கேட்டாளே, அதை நினைத்துச் சிரித்துக்கொண்டேன். 1852-லேயே ரிச்சர்ட் ஸ்ப்ரூஸ் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் அமேசான் காட்டில் வாவ்பேஸ் ஆற்றங்கரையில் பழங்குடிகள் அந்தக் கஷாயத்தைக் குடிப்பதைப் பார்த்துக் கொடியைச் சேகரித்திருக்கிறார். 1941-ல் ஹார்வர்டிலிருந்து ஷுல்டஸ் கொலம்பியாக் காட்டுக்குள் போனவர், வருஷக்கணக்கில் அங்கேயே கிடந்திருக்கிறார். அந்த வரிசையில் தென்காசி நாட்டு மருந்துக் கடைக்காரன் மகளும் ஒருத்தி. கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உன் பேரை நான் சொல்ல ஆரம்பித்தாலே பக்கத்துக் கடைக்காரர் எழுந்து டீக்குப் போய்விடுகிறார்.

என்னை அசத்தியது அந்த இரண்டு செடிச் சேர்க்கைதான். கொடியோடு சேர்த்துக் காய்ச்சும் சக்ருனா இலையில் இருக்கும் டிஎம்டி என்ற மாயக்காட்சி காட்டும் சத்து தனியாக வயிற்றுக்குள் போனால் ஒன்றும் செய்யாது. குடலிலும் ஈரலிலும் உள்ள ஒரு நொதி அதை உடைத்துப் போட்டுவிடும். கொடியில் இருக்கும் ஹார்மின் அந்த நொதியைக் கட்டிப்போட்டால்தான் இலை வேலை செய்யும். அத்தனை ஆயிரம் செடி இருக்கும் காட்டில் இந்த இலைக்கு இந்தக் கொடி என்று யார் கண்டுபிடித்தார்களோ! முப்பத்தெட்டு வருஷமாகத் தேனா, நெய்யா, வெந்நீரா என்று அனுபானம் சொல்லிக் கொடுத்தே பிழைத்தவன் நான். எனக்கு எழுந்து நின்று கும்பிடத் தோன்றியது. பொலிவியாவில் ஒரு குகையில் மூன்று நரிகளின் மூக்குத் தோலைச் சேர்த்துத் தைத்த பை கிடைத்ததாம், ஆயிரம் வருஷப் பழசு. அதில் ஹார்மினும் டிஎம்டியும் இருந்த தடயத்தை 2019-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பை தைத்தவன் என்னைப் போல ஒரு கடைக்காரனாகத்தான் இருந்திருப்பான்.

அந்தக் கொடியின் ஒரு வகைக்கு ஓர் அமெரிக்கர் 1986-ல் பேடன்ட் வாங்கியதையும், அமேசான் பழங்குடி அமைப்புகள் எதிர்த்து 1999-ல் ரத்து செய்ய வைத்ததையும், 2001-ல் அதைத் திரும்பவும் அவருக்கே கொடுத்ததையும் படித்தபோது எனக்கு நம்ம மஞ்சள் பேடன்ட்தான் ஞாபகம் வந்தது. அது 1997-ல் ரத்தானதைப் பற்றித்தானே பன்னிரண்டாம் வகுப்பில் பேசி வெள்ளிக் கிண்ணம் வாங்கினாய்? கிண்ணம் இன்னும் பூஜை அலமாரியில்தான் இருக்கிறது. இப்போது அதில் கற்பூரம் வைத்திருக்கிறாள்.

ஆனால் பாப்பா, செடி பெரியது என்பதால் அதைக் காய்ச்சுகிற எல்லோரும் பெரியவர்கள் ஆகிவிட மாட்டார்கள். சிலர் தோயே இலையும் சேர்ப்பதாகப் படித்தேன். அது ஊமத்தைக்குச் சொந்தம். கொடைக்கானலில் வேலியோரம் எக்காளம் மாதிரி தலைகீழாகத் தொங்குமே, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டாயே, அதே பூ. ஊமத்தைச் சாதியில் ஓர் இலை மாதிரி இன்னோர் இலை இருக்காது. நேற்று ஒன்றும் செய்யாத அளவு இன்று ஆளைக் கவிழ்த்துவிடும். சேராங்கொட்டையையும் எட்டிக்கொட்டையையும் சுத்தி செய்யாமல் நான் யாருக்காவது பொட்டலம் கட்டியிருக்கிறேனா? அதனால் சட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று கேள். கேட்டால் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அங்கே இருக்கும் ஷிபிபோ பழங்குடிக்காரர்களிடம் பழைய வழக்கத்தில் வைத்தியர்தான் குடிப்பார், நோயாளி சும்மா படுத்திருப்பார், ஒனான்யா என்று அவர்கள் சொல்லும் அந்த வைத்தியர் நோயாளிக்காகப் பார்த்துப் பாடுவார், இப்போதுதான் வெளிநாட்டுக்காரர்கள் வந்து எல்லோருமே குடிக்கிறார்கள் என்று நீதான் சொன்னாய். அந்தப் பாட்டுக்கு இகாரோ என்று பெயர்கூடச் சொன்னாய். நோயாளியே குடிக்க வேண்டாம் என்றால் எழுதப் போனவள் எதற்குக் குடிக்க வேண்டும்? "குடிக்காம எப்படிப்பா எழுதுறது?" என்பாய். பிரசவம் பார்க்கும் டாக்டர்கள் எல்லோரும் பிள்ளை பெற்றவர்களா?

உடம்புக்கு ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சொல்லிவிடு என்று மேலே எழுதினேன். திரும்பவும் எழுதுகிறேன், சொல்லிவிடு.

சரி, சுற்றி வளைத்தது போதும். பொங்கலுக்கு நீ வந்திருந்தபோது சார்ஜர் தேடி உன் பையைத் திறந்தேன். துப்பட்டாவுக்குள் ஓர் அட்டை இருந்தது. ஃப்ளூஆக்சிடின் 20, பத்தில் நாலு காலி. எதிர்க்கடை இங்கிலீஷ் மருந்துக்காரரிடம் யாரோ ஒரு கஸ்டமருக்கு என்று சொல்லிக் கேட்டேன். மனச்சோர்வுக்கு என்றார். திரும்ப வந்து அட்டையை இருந்த இடத்திலேயே வைத்தேன். மடிப்பு மாறியது தெரியக்கூடாது என்று இரண்டு தடவை மடித்தேன். அன்றைக்கு ராத்திரி நீ எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாய். என்னம்மா கஷ்டம் உனக்கு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இன்னொரு தோசை வைக்கவா என்று கேட்டேன்.

அந்த மாத்திரையும் அயவாஸ்காவும் ஒன்றுசேரக் கூடாது. இரண்டும் சேர்ந்தால் செரட்டோனின் என்று மூளையில் சுரக்கும் ரசாயனம் அளவு மீறிவிடும். காய்ச்சல், நடுக்கம், உடம்பு விறைப்பு என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். மற்ற மாத்திரைகள் மாதிரி இது சீக்கிரம் உடம்பைவிட்டுப் போகாது, நிறுத்தி ஐந்து வாரமாவது ஆக வேண்டும். இதெல்லாம் உனக்குத் தெரியாமல் இருக்காது. அப்படியென்றால் குடிப்பதற்காக நீ மாத்திரையை நிறுத்தியிருப்பாய். பாப்பா, என் தூக்கத்தைக் கெடுப்பது அதுதான்.

இங்கிலீஷ் மருந்துக்கு அடங்காத மூளைக்காய்ச்சலில் சித்தப்பா இப்படி ஆனான், அப்பா பச்சிலை கொடுத்துப் பாதியாவது மீட்டார் என்றுதான் நீ கேட்டு வளர்ந்தாய். உன் பிஎச்டி விண்ணப்பத்தில்கூட அதையேதான் முதல் பத்தியாக எழுதியிருந்தாய். நான் அதைக் கடையில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினேன்.

காய்ச்சலே இல்லை. சித்தப்பா காதில் குரல் கேட்டது. 1994-ல் பாளையங்கோட்டையில் காட்டினோம், மாத்திரை கொடுத்தார்கள், குரல் நின்றது. கை நடுங்கியது, பகலிலும் தூங்கினான். ஆனால் குரல் நின்றது, கடைக்கு வந்தான், கணக்கு எழுதினான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நாட்டு மருந்துக் கடை வைத்துக்கொண்டு என் தம்பிக்கே இங்கிலீஷ் மருந்தா என்று ஊர் கேட்கிற மாதிரி இருந்தது. யாரும் கேட்கவில்லை. மாத்திரையை நிறுத்து என்று சொன்னது நான்தான். பிரம்மி நெய் கொடுத்தேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன், பத்தியம் இருக்கச் சொன்னேன். உப்பு கிடையாது, புளி கிடையாது. முதல் மாசம் முகம் தெளிந்து, கை நடுக்கம்கூட நின்றுபோனது. பார்த்தாயா என்று ஆச்சியிடம் மீசையை முறுக்கினேன். நாலாவது மாசம் விடியற்காலையில் எழுந்து போனவனைப் பழைய குற்றாலத்துக்கு மேலே காட்டுக்குள் மூன்று நாள் கழித்துத்தான் கண்டுபிடித்தோம். அப்புறம் அவன் பழைய ஆளாகத் திரும்பவே இல்லை. திரும்பவும் அதே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, எப்போது நிறுத்தினீர்கள் என்று கேட்டார். அவனாகவே நிறுத்திவிட்டான் என்று சொன்னேன்.

செடிமேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பிரம்மி என்ன செய்யும்? இன்றைக்கும் நான் அதைத்தான் விற்கிறேன். நான் செய்ததைத்தான் சொல்கிறேன். பத்தியம் என்ற வார்த்தையைக் கேட்டதும் எனக்கு ஏன் வயிற்றைக் கலக்குகிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். நம்ம வீட்டு ரத்தத்தில் இது ஒன்று இருக்கிறது என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். வீட்டில் யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா என்று அங்கே உன்னைக் கேட்டிருப்பார்கள். இல்லை, காய்ச்சல்தான் என்று நீ சொல்லியிருப்பாய். நான் சொல்லிக் கொடுத்ததைத்தானே சொல்லியிருப்பாய்.

உன் கைடுக்கு மெயில் போட்டேன். நன்றாக இருக்கிறாள் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டால் உன் மாத்திரை விஷயம் வெளியே தெரிந்துவிடுமே என்று பயம். இப்போதும் அதே புத்தி, பார். நாளைக்குக் காலையில் அவருக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறேன், சித்தப்பா விஷயம் உட்பட. நீ கோபப்படுவாய். படு.

இந்தப் பக்கங்களை நானே போட்டோ எடுத்து அனுப்புகிறேன், கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். தம்பி மகனை எடுக்கச் சொல்ல முடியாத கடிதம். உப்பு சேர்க்கலாம் என்றானதும் சொல், உங்கம்மா ஊறுகாய் அனுப்ப வேண்டுமாம். பெரு கஸ்டம்ஸில் விடமாட்டார்கள் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள்.

சித்தப்பா எதிரில் உட்கார்ந்து திப்பிலிப் பொட்டலம் கட்டிக்கொண்டிருக்கிறான். நடுங்குகிற கையோடு நூலை நாலு சுற்று சுற்றி, பல்லால் கடித்து அறுக்கிறான். "பாப்பாவுக்கா எழுதுறே? நான் கேட்டேன்னு எழுது" என்றான். எழுதிவிட்டேன். உன்னிடம் சொல்லியாகிவிட்டது, இனி அவனிடம் சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருக்கிறேன்.

அப்பா