வெறும் பெட்டியோடு வந்த எல்லோருக்கும் நன்றி

எங்கள் மகளின் ஏழாவது பிறந்தநாளன்று, கல்லடியில் எமது வீட்டு வளவில் பிள்ளைகள் அட்டைப்பெட்டிகளால் ஒரு சின்ன மட்டக்களப்பையே கட்டி எழுப்பினார்கள். அதற்குக் கைகொடுத்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நெஞ்சார்ந்த நன்றி.

"அன்பளிப்பு வேண்டாம், வீட்டில் கிடக்கும் வெறும் பெட்டி ஒன்றைக் கொண்டு வாருங்கள்" என்று அழைப்பில் கேட்டிருந்தோம். பிறந்தநாள் வீட்டு மேசையில் பெரிய பொதிகளுக்கு நடுவே தன் சின்னப் பொதியை வைத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் பிள்ளையின் முகத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். கொடுத்துவிட ஒன்றும் இல்லையே என்று பிள்ளையை அனுப்பாமல் விடும் பெற்றோரும் இருக்கிறார்கள். எங்கள் வேண்டுகோளை நீங்கள் அப்படியே ஏற்றீர்கள். பால்மாப் பெட்டி, பிஸ்கட் பெட்டி, சப்பாத்துப் பெட்டி என்று எல்லாப் பிள்ளைகளும் சரிநிகராக வந்து இறங்கினார்கள். படுவான்கரையிலிருந்து சவர்க்காரப் பெட்டியை மடியில் வைத்தபடி பஸ்ஸில் வந்த தாய்க்கும் மகனுக்கும் தனியாக நன்றி. முகத்துவாரம் வெளிச்சவீட்டின் உச்சியாக நின்றது அந்தப் பெட்டிதான்.

காத்தான்குடியில் மின்சாதனக் கடை வைத்திருக்கும் நானா, குளிர்சாதனப் பெட்டிகள் வந்த பெரிய அட்டைகளை எங்களுக்காகவே சேர்த்து வைத்து, மடித்துக் கட்டி ஓட்டோவில் அனுப்பினார். ஓட்டோக் கூலியைக்கூட வாங்க மறுத்துவிட்டார். பக்கத்து வீட்டுத் தச்சு மாமா ஒவ்வொரு பெட்டியிலும் இருந்த தடித்த செப்புநிறக் கம்பிகளைக் குறட்டால் பிடுங்கி எடுத்தார். பிறகு விளிம்பெல்லாம் உள்ளங்கையால் தடவிப் பார்த்த பின்னரே பிள்ளைகளிடம் கொடுத்தார். ஒரு பிள்ளைக்கும் விரல் கிழியவில்லை என்றால் அது அவருடைய கைப்பக்குவம். கத்தி பிடிக்கும் வேலை முழுவதையும் பெரியவர்களே பார்த்துக்கொண்டதும் அவர் சொற்படிதான்.

சித்திர ஆசிரியைக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அட்டையின் ஓரத்தைப் பிரித்து, இரண்டு தாள்களுக்கு நடுவே ஓடும் நெளிதாளைக் காட்டினார். அந்த நெளிவு குத்தாக நின்றால் பாரம் தாங்கும், கிடையாக இருந்தால் எளிதில் மடங்கிவிடும் என்பதைப் புத்தகங்களை அடுக்கி வைத்தே விளக்கினார். மடிக்க வேண்டிய இடத்தில் மை தீர்ந்த பேனாவால் அழுத்திக் கோடு இழுத்தால் அட்டை வெடிக்காமல் நேராக மடிகிறது. அன்றைக்குப் பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோன வித்தை அதுதான். நெளிதாளுக்கு 1856 இல் இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றது உயரமான தொப்பிகளின் உள்ளே வைப்பதற்காக என்று அவர் சொன்னதும், பாதிப் பெட்டிகள் தலைகளில் ஏறிவிட்டன.

பாலம் கட்டியதைச் சொல்லாமல் விட முடியாது. 1924 இல் திறக்கப்பட்ட எங்கள் பழைய கல்லடிப் பாலத்தைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். ஆனால் அதன் இரும்புச் சட்டங்கள் ஏன் சரிவாகப் போகின்றன என்று அன்றுதான் கேட்டார்கள். நேர்ச்சட்டங்கள் மட்டும் வைத்தபோது அட்டைப் பாலம் பக்கவாட்டில் சாய்ந்தது. குறுக்கே சரிவாக ஒரு துண்டு ஒட்டி முக்கோணம் ஆக்கியதும் அசையாமல் நின்றது. பத்தாம் வகுப்பு அண்ணன்மார் பதிலைச் சொல்லிவிடாமல், பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடிக்கும் வரை பொறுமையாக இருந்தார்கள். அந்தப் பொறுமைக்குப் பெரிய நன்றி.

கோதுமை மாவை நீர்க்கக் கரைத்து, கட்டி விழாமல் கிண்டிக் கிண்டிப் பசை காய்ச்சித் தந்த பெத்தம்மாவுக்கும், கச்சான் காற்று அட்டைகளைத் தூக்கிக்கொண்டு போகாமல் கல் தேடி வைத்த மச்சான்மாருக்கும், வடையும் தேநீரும் கொண்டு வந்த அயலவர்களுக்கும் நன்றி. அதே கச்சான்தான் பூசிய நிறங்களை மளமளவென்று காய வைத்தது.

"பெட்டியும் ஒரு விளையாட்டா?" என்று கேட்ட உறவினர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரில் சிறந்த விளையாட்டுப் பொருட்களுக்கென்று இருக்கும் தேசிய மதிப்பரங்கு, 2005 இல் வெறும் அட்டைப்பெட்டியையும் தன் வரிசையில் சேர்த்திருக்கிறது.

பாலமும் வெளிச்சவீடும் இப்போது எங்கள் ஊர் முன்பள்ளியில் இருக்கின்றன. மிஞ்சிய அட்டைகளைப் பழைய கடதாசி சேர்ப்பவரிடம் கொடுத்துவிட்டோம். அன்று விட்டுச் சென்ற கத்தரிக்கோல்களும் ஒரு நீலத் தண்ணீர்ப் போத்தலும் எங்களிடம் பத்திரமாக உள்ளன. உரியவர்கள் எந்த நேரமும் வந்து பெற்றுக்கொள்ளலாம். வந்தால் தேநீர் குடிக்காமல் போக விடமாட்டோம்.

அன்புடன்,
பிறந்தநாள் பிள்ளையின் அம்மாவும் அப்பாவும்,
கல்லடி, மட்டக்களப்பு