தனுஷ்கோடி மணலில் பார்த்து நடங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறை வந்தாலே பத்திரிகைகளில் சுற்றுலாப் பக்கம் களைகட்டிவிடுகிறது. ராமேஸ்வரம் என்றால் பாம்பன் பாலம், 1964 புயலில் இடிந்த தேவாலயம், அரிச்சல்முனையில் ஒரு செல்ஃபி, அவ்வளவுதான். பறவை பற்றி எழுதுகிறவர்களும் கோடையில் பார்க்க ஒன்றுமில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். போன மே மாதம் சேலத்திலிருந்து வேன் பிடித்துப் போன எங்களிடம் டிரைவரும் அதையேதான் சொன்னார்: "பூநாரையெல்லாம் போயிருச்சுங்க சார், தை மாசம் வந்திருக்கணும்."

பூநாரை பெரும்பாலும் கிளம்பியிருந்தது உண்மைதான். ஆனால் விடிந்ததும் போய்ப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுச் சத்தமே இல்லை, ஆலாக்கள் தலைகீழாகத் தண்ணீரில் விழுந்து மீனோடு எழும்புகின்றன, கொஞ்சம் தள்ளி ஓங்கில்களின் (டால்பின்) முதுகு தெரிந்து மறைகிறது. ஆவுளியா என்கிற கடல்பசு எங்கே என்று கேட்டுக்கொண்டே இருந்த அக்கா மகனுக்குத்தான் ஏமாற்றம். கரையில் நின்று பார்க்கிற பிராணியா அது!

நான் எழுத வந்தது ஒரு சின்னப் பறவைக்காக. உப்புக்கொத்தி வகை, சிட்டுக்குருவி அளவுதான் இருக்கும், மணல் நிறம், ஓடி நின்று ஓடும். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் இந்தப் பறவையை 1915-லேயே விவரித்திருந்தாலும், இடையில் வேறொரு இனத்தோடு சேர்த்துவிட்டார்கள், 2023-ல்தான் மறுபடி தனி இனம் என்று ஆய்வாளர்கள் உறுதிசெய்து ராமர் பாலத்தை நினைத்து அனுமன் பெயரை வைத்தார்கள். பள்ளிக்கு லீவு விடுகிற அதே கோடையில்தான் அது முட்டையிடுகிறது. கூடு என்று எதுவும் கிடையாது, மணலில் ஒரு லேசான குழி, அதில் கரும்புள்ளி போட்ட இரண்டு மூன்று முட்டைகள். பனமரத்துப்பட்டி ஏரிப் பக்கம் ஆள்காட்டிக் குருவியின் முட்டையைத் தேடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காலடியில் இருந்தாலும் கண்ணில் படாது.

மிதிபடுவது மட்டும் ஆபத்தில்லை. உச்சி வெயிலில் தாய்ப்பறவை முட்டைமேல் நின்று நிழல் கொடுக்கிறது, வயிற்று இறகைத் தண்ணீரில் நனைத்து வந்து குளிர்விக்கிறது. நாம் பக்கத்திலேயே குடை விரித்து உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டால் அது திரும்பி வராது. முட்டை வெந்துவிடும். சிறகு ஒடிந்ததுபோல் இழுத்துக்கொண்டு ஒரு பறவை முன்னால் ஓடுவதைப் பார்த்து, பாவம் அடிபட்டிருக்கிறது என்று சிலர் செல்போனோடு துரத்தினார்கள். முட்டையிடமிருந்து நம்மை வேறு பக்கம் இழுக்க அது போடும் நாடகம் அது, அப்போதே திரும்பி வந்த வழியே நடந்துவிட வேண்டும்.

2025 ஜூனில் தனுஷ்கோடியைப் பூநாரை சரணாலயமாகத் தமிழக அரசு அறிவித்தது நல்ல விஷயம். அப்படியே, கோடையில் முட்டையிடும் மணல் பகுதிகளைக் கயிறு கட்டித் தடுத்து, தமிழில் ஒரு பலகையும் வைக்கலாம், பெரிய செலவில்லை. அதுவரை நீங்களாவது சுற்றுலாப் பக்கத்தில் இரண்டு வரி போடுங்கள்: ஈர மணலை ஒட்டியே நடக்கவும், மிச்சச் சோற்றைப் போட்டு நாயையும் காகத்தையும் சேர்க்க வேண்டாம் என்று.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அஸ்தம்பட்டி, சேலம்.