கேஸ் இல்லாத மிஷினுக்குக் கேஸ் தேடும் முன்

கண்ணு,

கேஸ் (வெளிக்கூடு) இல்லாத உன் பாக்கெட் கடிகார மிஷினின் படங்கள் வந்தன. அமெரிக்காவின் வால்தம் கம்பெனியுடையது, 16 சைஸ் (அமெரிக்க அளவுமுறை), எனாமல் டயல். அந்தக் காலத்து அமெரிக்கக் கம்பெனிகள் பெரும்பாலும் மிஷினையும் கேஸையும் தனித்தனியாகத்தான் விற்றன. கடைக்காரர் இரண்டையும் பொருத்திக் கொடுப்பார். பின்னாளில் தங்கத்துக்காகக் கேஸை உருக்கிவிட்டு மிஷினை ஒதுக்கியவர்கள் ஏராளம். அதனால் இதன் 'சொந்தக் கேஸ்' எங்கே என்று தேடி மனசைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. அதே காலத்துக் கேஸ் ஒன்று இழைக்காமல், அராவாமல் உட்கார்ந்தால் அதுவே போதும்.

தண்டுத் துளையில் (தலையோடு திருகும் தண்டு நுழையும் துளை) சதுரக் கம்பியை விட்டுத் திருகினால் முள் மட்டும் சுற்றுகிறது, சாவி ஏறவில்லை என்று எழுதியிருந்தாய். அது பழுதில்லை. இந்த மாதிரி மிஷின் கேஸுக்கு வெளியே இருக்கும்போது முள் திருப்பும் நிலையில்தான் நிற்கும். கேஸில் இருக்கும் தண்டு உள்ளே அழுத்தினால்தான் சாவி கொடுக்கும் நிலைக்கு மாறும். கம்பியை ஆழமாக அழுத்திப் பிடித்துக்கொண்டு திருகிப் பார்.

எதையும் கழற்றுமுன் மெயின் ஸ்பிரிங்கின் (மிஷினை ஓட்டும் சுருள்வில்) விசையை இறக்கிவிடு. கம்பியை அழுத்தியபடியே இறுக்கிப் பிடித்து, இம்மியளவு சாவி கொடுத்து, கிளிக்கை (ஸ்பிரிங் திரும்ப அவிழாமல் தடுக்கும் கொக்கி) மரக்குச்சியால் விலக்கி, விரலிடுக்கில் கம்பியை மெல்ல மெல்ல நழுவவிடு. விசை மிச்சம் இருக்கும்போது பேலட் ஃபோர்க்கை (சக்கரங்களை டிக் டிக்கென்று நிறுத்தி விடும் கவை) எடுத்தால் சக்கரங்கள் வெறிபிடித்துச் சுழன்று பைவட்டுகளை (அச்சின் மெல்லிய முனைகள்) முறித்துவிடும். பேலன்ஸின் (முன்னும் பின்னும் ஆடும் சக்கரம்) பைவட் ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன்தான், தலைமயிர் அளவு. பேலன்ஸைத் தூக்கும்போது அதன் ஹேர் ஸ்பிரிங் (மயிர்போன்ற சுருள்) முறுக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்.

கழுவ பென்சைன் (லைட்டரில் ஊற்றும் நாஃப்தா, பென்சீன் அல்ல) நல்லது. பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் மட்டும் ஆல்கஹாலில் ஊறப்போடவே போடாதே. அவற்றின் கற்களைப் பிடித்திருப்பது அரக்கு, ஆல்கஹாலில் கரைந்துவிடும். பைவட்டுகள் உட்காரும் கல் துளைகளைக் கூர்சீவிய மரக்குச்சியால் துடை, குச்சி கறுக்காமல் வெளியே வரும்வரை. கழுவியது போதும் என்று இந்த வேலையை விட்டவர்களுக்குத்தான் மிஷின் ஒரு மாதத்தில் நிற்கும்.

பழைய நீல எஃகு மெயின் ஸ்பிரிங் வெளியே எடுத்ததும் விரியாமல் சுருண்டே கிடந்தால் மாற்றிவிடு. அகலம், தடிமன், நீளம் மூன்றும் பொருந்த வேண்டும். தடிமன் கூடினால் பேலன்ஸ் அளவுக்கு மீறி ஆடி ஃபோர்க்கில் முட்டும், நேரம் தாறுமாறாக முந்தும். எண்ணெய் கல்லின் குழியில் பாதிவரை போதும். பேலன்ஸுக்கும் பேலட் கற்களின் முகத்துக்கும் மெல்லிய எண்ணெய், சென்டர் வீலுக்குக் (நடுச்சக்கரம்) கெட்டி எண்ணெய். ஃபோர்க்கின் பைவட்டுகளுக்கு எண்ணெய் வேண்டாம், ஹேர் ஸ்பிரிங்கில் ஒரு சொட்டும் படக்கூடாது.

இனி கேஸ். டயல் பக்கத் தட்டின் விட்டத்தை அளவுமானியால் அள. 16 சைஸ் என்றால் 43.18 மி.மீ. வரவேண்டும், 18 சைஸுக்கு 44.87, 12 சைஸுக்கு 39.79. சுவிஸ் 19 லைன் (அவர்களின் அளவு அலகு) 42.86 மி.மீ. என்பதால் அந்தக் கேஸ் ஏறக்குறைய உட்கார்ந்துவிடும். ஏமாறாதே. சுவிஸ் வகையில் தண்டு பெரும்பாலும் மிஷினோடு இருக்கும், உன் மிஷினுக்கோ தண்டும் அதைப் பிடிக்கும் ஸ்லீவும் (திருகி ஏற்றி இறக்கும் சிறு குழாய்) கேஸின் கழுத்திலேயே இருக்கவேண்டும்.

அடுத்தது வினாடி முள். உன் படத்தில் தண்டுத் துளைக்கு நேர் எதிரே வினாடி வட்டம் இருக்கிறது. அப்படியானால் இது மூடியில்லாத கேஸுக்கான மிஷின். துளை 3 மணிப் பக்கம் இருந்திருந்தால் மூடி போட்ட ஹன்டர் கேஸ் தேடியிருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் கண்ணாடிக்குள் டயல் பக்கவாட்டில் படுத்துக் கிடக்கும்.

கேஸின் உள்விளிம்பையும் பார். மிஷினைக் கேஸோடு பிடிக்கும் ஸ்க்ரூத் தலை அழுத்திய தழும்பு இரண்டுக்கு மேல் இருந்தால் அதில் வேறு மிஷின் இருந்திருக்கிறது. அது குற்றமில்லை, விளிம்பு தேய்ந்து ஸ்க்ரூ பிடிக்காமல் போனால்தான் தொல்லை. '20 வருட உத்தரவாதம்' என்று உள்ளே பொறித்திருந்தால் அது முழுத் தங்கமல்ல, மேலே தங்கத் தகடு. கழுத்திலும் விளிம்பிலும் பித்தளை தெரிகிறதா பார். என்னைக் கேட்டால் முன்னும் பின்னும் திருகி மூடும் நிக்கல் கேஸ்தான் வாங்கச் சொல்வேன். தூசு புகாது, தேய்ந்தாலும் நிறம் மாறாது. ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு கடிகாரத்தைப் பிரித்து மட்டும் கேஸ் எடுக்காதே.

பொருத்தியபின் சாவி ஏறாவிட்டால் ஸ்லீவ் வெளியே தள்ளி நிற்கிறது, அரைச் சுற்று உள்ளே திருகு. முள் திருப்ப முடியாவிட்டால் அரைச் சுற்று வெளியே. அதற்கென்று உள்ள ஸ்லீவ் சாவியால் மட்டும் திருகு, இடுக்கியால் பிடித்தால் உடைந்துவிடும்.

வாங்குமுன் கேஸின் உள்விளிம்பையும் கழுத்தையும் படமெடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா